ரெண்டாவது பொட்டலம்

உக்காருங்க அம்முணி, தாராளமா உக்காருங்க. இது பூப்பைதானுங்க, நான் மடியில வெச்சுக்கறேன். கீழ வெக்க முடியாதுங்க, சாமி காரியத்துக்குப் போற பூவு. நேத்துல இருந்து நான் விரதம் வேற. பக்கத்துல யாராச்சும் பொம்பளையா வந்து உக்காந்தாத் தேவலையேன்னு நெனச்சுட்டே இருந்தேன், கும்பிடப் போன தெய்வம் குறுக்க வந்த மாதிரி நீங்க வந்துட்டீங்க.

டீச்சருங்களா? பாத்தாலே தெரியுதுங்க, குடையக்கூட அத்தனை நறுவிசா மடிச்சு வெச்சிருக்கீங்க. எங்க எறங்கோணும்? செக்போஸ்ட்டுங்களா? அப்ப எனக்கு முன்னாலயே எறங்கீருவீங்க. நான் வெள்ளக்கரடு. இன்னும் ஒண்ணேகால் மணி நேரம் ஆகுமுங்க. இந்த பஸ்ஸு நிக்காத மரமே கிடையாது.

வெள்ளக்கரட்டுல கல்லு பங்களான்னு ஒண்ணு இருக்குது, கேள்விப்பட்டிருக்கீங்களா? ரோட்டுல போறப்பவே தெரியுமுங்க. கேட்டுல 'விற்பனைக்கு'ன்னு போர்டு தொங்குதே, அதேதான். அங்கதான் நான் வேலைக்கு இருக்கறேன். மாராத்தான்னு பேரு. பத்தொம்பது வயசுல வந்தனுங்க, இப்ப அம்பத்தெட்டு. கட்டுனவன் 'திருப்பூருக்குப் போயி வேலை பாத்துட்டு வர்றேன்'னு சொல்லீட்டுப் போனான். இன்னும் வந்துட்டே இருக்கறான். போயிட்டு வர்றேன்னு சொல்லீட்டுப் போறவங்களை நான் நம்பறதில்லைங்க, அம்முணி. அன்னைக்கு இருந்தே நம்பறதில்லை.

ஊட்டைப் பத்திச் சொல்லோணுமுன்னா பேச்சுக்கு ஒண்ணு சொல்றனுங்க. செங்கல்லுங்கறது மருந்துக்குக் கூடக் கிடையாது. எங்க மொதலாளியம்மா லோகநாயகியம்மாளோட ஊட்டுக்காரரு, அவரோட அப்பாரு பஞ்சு ஆலை வெச்சிருந்தவரு. கரட்டுல இருந்து கல்லை ஒடச்சு, செதுக்கி, வண்டி வண்டியா எறக்கி ஒன்பது வருசம் கட்டுனாருங்க. நூத்திப் பத்து வருசம் ஆச்சு, ஒரு கீறல் காட்டுங்க பாக்கலாம். செவுரு ஒண்ணரை முழம். சித்திரை வெயில்ல உள்ள வந்தா சில்லுன்னு இருக்கும். வெளிய மேளம் அடிச்சா உள்ள கேக்காது. உள்ள கத்துனாலும் வெளிய கேக்காது. புரோக்கர் கிட்டுசாமி வர்றவங்ககிட்ட எல்லாம் எரநூறு சதுரம், முந்நூறு சதுரம்னு அளவு சொல்லுவாரு. அதெல்லாம் யாருக்கு வேணும்? இப்படி ஒரு அமைதி எங்க கெடைக்கும், அதையில்ல சொல்லோணும்.

கல்லெடுத்த எடத்துல கன்னிமார் இருந்தாங்க. ஏழு பேரு. தெரியாம ஒருத்தரோட கல்லுல உளி பட்டுருச்சுங்களாம். அன்னைக்கு ராத்திரியே அந்தப் பெரியவருக்கு வாயி கோணிக்கிட்டுது. அப்புறம் ஏழு கல்லையும் கொண்டாந்து பொறக்கடையில ஈசானி மூலையில நட்டு, சத்தியம் பண்ணிக் குடுத்தாரு. 'தெனமும் பொழுதோட இந்த ஊட்டுப் பொம்பளை வெளக்கு வெப்பா. உங்க உத்தரவு இல்லாம இந்த ஊட்டுக் கதவைச் சாத்தீட்டுப் போகமாட்டோம், அடுத்த கைக்கும் மாத்தமாட்டோம்'னு. அதுதான் அந்த ஊட்டுச் சட்டம். உத்தரவுன்னா பூக் கேக்கறது. உங்க ஊர்லயும் இருக்குமே. வாழையிலைக் கிழிசல்ல ஒண்ணுல வெள்ளரளி, ஒண்ணுல செவ்வரளி, ஒரே அளவா ரெண்டு பொட்டலம் கட்டிச் சாமி முன்னால வெக்கோணும். ஊட்டுப் பொம்பளை ஒண்ணை எடுப்பா. வெள்ளை வந்தா செய்யி. செவப்பு வந்தா செய்யாதே. அவ்வளவுதான்.

எங்க ஊட்டுல இன்னொரு மொறையும் உண்டுங்க. எடுக்காம மீந்த பொட்டலத்தைப் பிரிக்கப்படாது. அப்படியே கெணத்துல விட்டுரோணும். சாமி சொன்னதைச் சரிபாக்கற மாதிரி ஆயிருமில்லீங்களா? பரீட்சைப் பேப்பருங்களா அது, திருப்பித் திருப்பிப் பாக்கறதுக்கு? கோவிச்சுக்காதீங்க, டீச்சருங்கறதால சொன்னேன்.

பொட்டலம் கட்டறது நான்தான். ஊட்டுப் பொம்பளை கட்டப்படாது. தலைக்குத் தண்ணி வாத்து, விரதம் இருந்து, வேற ஒரு பொம்பளை கட்டோணும். அம்மாளோட மாமியாக்காரி போனதுக்கப்புறம் அந்த ஊட்டுல பொம்பளைன்னா லோகநாயகியம்மாளும் நானுந்தான். அம்மாளோட பொண்ணு சுகந்தி பாப்பா ஒண்ணு, கட்டிக்குடுத்துக் கோயமுத்தூருக்குப் போயிருச்சு. ஐயாவும் போயிச் சேந்துட்டாரு. பதினாறு வருசம் நானும் அம்மாளும் ரெண்டே பேரு, அத்தாம்பெரிய கல்லு ஊட்டுல. அவங்க தலைக்கு எண்ணெ வெச்சு விடறது நானு. மாத்திரை எடுத்துக் குடுக்கறது நானு. அவங்க இருமுனா எந்த ரூம்புல இருமறாங்கன்னு அடுப்படியில இருந்தே சொல்லுவேன். உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்லுவாங்க. நான் நெனைக்கலையா? என்னை விட நெனச்ச ஆளு உண்டுங்களா?

அம்மாளுக்கு நெஞ்சுல வால்வு சரியில்லைன்னு சொன்னாங்க. மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்கும். கண்ணுலயும் பொரை. பெரிய டாக்டரு, 'ஆசுபத்திரி பக்கத்துல இருக்கற எடமாப் பாத்து இருந்துக்கங்க, ராத்திரியில ஒண்ணுன்னா வெள்ளக்கரட்டுல இருந்து வர்றதுக்குள்ள நேரமாயிரும்'னு சொல்லிப் போட்டாரு. சுகந்தி பாப்பா, 'ஊட்டை வித்துப் போட்டு வந்துரு, எங்கூட இரு'ன்னு ஒத்தைக் கால்ல நின்னுது. எனக்குத் தாராபுரத்துல முதியோர் இல்லத்துல சொல்லி வெக்கறேன்னும் சொல்லுச்சு. நல்ல எடமாம். டிவி எல்லாம் இருக்குதாம். டிவி நல்லதுதானேன்னு சொன்னேன்.

மொதல்ல ஒரு பனியன் கம்பெனிக்காரரு வந்தாரு. கல்யாண மண்டபம் ஆக்கறதுக்கு. அம்மா சொன்னாங்க, 'மாராத்தா, பூக் கட்டு, கேட்டுருவோம்'னு. கட்டுனேன். ஆத்தா சத்தியமாச் சொல்றேன், ஒண்ணுல வெள்ளை, ஒண்ணுல செவப்பு. நாந்தானே கட்டுனேன்? 'ஏழு பேரும் கேளுங்க, இந்தம்மா போயிட்டா உங்களுக்கு யாரு வெளக்கு வெப்பா'ன்னு மனசுக்குள்ள ஒரு வார்த்தை சொன்னேன், அவ்வளவுதான். அம்மா ஒண்ணை எடுத்துப் பிரிச்சாங்க. செவப்பு. தானாவே வந்துச்சுங்க, யாரும் கை வெக்கல. எனக்கு அப்படியே அழுகை வந்துருச்சு. அம்மா சிரிச்சாங்க. 'விடமாட்டேங்கறாளுகடி, என்ன பண்றது'ன்னாங்க. அன்னைக்குப் பொங்கல் வெச்சு, ரெண்டு பேரும் உக்காந்து உண்டோம்.

அதுதான் கன்னிமார் வாயால சொன்ன வார்த்தை. ஒருக்காச் சொன்னாச் சொன்னதுதானுங்களே?

அடுத்த வருசம் ஒரு டாக்டரும் அவரு சம்சாரமும் வந்தாங்க. ஆசுபத்திரி கட்டறதுக்காம். அம்மா மறுபடியும் பூக் கட்டச் சொன்னாங்க. எனக்குன்னா சங்கடமாப் போச்சு. போன வருசந்தானே சொன்னாங்க? ஒரே பேச்சைத் திருப்பித் திருப்பிக் கேட்டுச் சாமியை நச்சரிக்கலாமுங்களா? உங்க பள்ளிக்கூடத்துலயே ஒரு புள்ளை சொன்னதையே கேட்டா உங்களுக்குக் கோவம் வராதா? கன்னிமார் மனசுல என்ன இருக்குதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சதுக்கப்புறம் வெள்ளைப் பூவை எதுக்கு வெக்கோணும்? தவறி அது கையில வந்துருச்சுன்னா, சாமி சொன்னது ஒண்ணு, நடக்கறது ஒண்ணுன்னு ஆயிருமே. அதனால ரெண்டுலயும் செவப்பத்தான் வெச்சேன்.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? தப்பா ஒண்ணும் இல்லீங்க. கன்னிமாருக்குச் சிரமத்தைக் கொறச்சேன்.

அம்மா பிரிச்சாங்க. செவப்பு. மீந்ததை நான் கெணத்துல விட்டேன். அந்த வருசம் வறட்சி, தண்ணி அம்பது அடிக்குக் கீழ. போட்டது போனதே தெரியாது. அம்மா அந்தத் தடவை சிரிக்கல. மூணு நாளு சரியாச் சோறு உங்கல. சுகந்தி பாப்பா வந்து ஒரு பாட்டம் கத்துச்சு. 'பூவு சொல்லுதுன்னு நெஞ்சு வலியோட இந்தக் கல்லுக்குள்ள கெடப்பியா? கெளம்பு'ன்னுது. அம்மா கதவு நெலையைப் புடிச்சுட்டு நின்னாங்க. 'உத்தரவு இல்லாமப் போனா நம்ம ஊட்டுப் பசங்களுக்கு ஆகாது கண்ணு, உன் ரெண்டு கொழந்தைகளுக்காச்சும் நான் இருந்துதான் ஆகோணும்'னு சொன்னாங்க. அந்த நம்பிக்கை பாருங்க. இந்தக் காலத்துல யாருக்கு இருக்குது? சுகந்தி பாப்பா என்னைப் பாத்து, 'நீயாச்சும் சொல்லு மாராத்தா'ன்னு அழுதுது. நான் என்ன சொல்றது? சாமி காரியத்துல நாம தலையிடலாமா?

பாப்பாவுக்கு அம்மா மேல பாசம் இல்லைன்னு சொல்லமாட்டேன். ஆனா ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதைதானுங்க. ஊட்டை வித்தாத்தானே அதுக்கும் ஒரு வழி.

மூணாந்தடவை வந்தாங்க பாருங்க ஒரு புருசன் பொண்டாட்டி, அவங்கதான் மோசம். மோசம்னா நல்லவங்க. பழைய ஊடுன்னா உசுராம். ஒரு கல்லைக் கூட எடுக்கமாட்டோம், கன்னிமாருக்குத் தெனமும் நாங்களே வெளக்கு வெக்கறோம்னாங்க. அந்தம்மா கன்னிமார் முன்னால விழுந்து கும்புட்டுச்சு. எங்க அம்மாளுக்கு மொகமே மாறிப்போச்சு. 'மாராத்தா, இவங்களுக்காகத்தான் இத்தனை நாளா நிறுத்தி வெச்சிருந்தாளுக போல'ன்னாங்க. பூக் கேக்கறதுக்கு முன்னாலயே டிரங்குப் பெட்டியை எடுத்து வெச்சு, நாலு சீலை, ஐயா போட்டோ, வெள்ளி டம்ளரு எல்லாம் அடுக்கிட்டாங்க. என்னைக் கூப்பிட்டு, 'உனக்கு என்ன வேணுமோ எடுத்துக்க'ன்னு சொன்னாங்க.

எனக்கு என்ன வேணும்? சொல்லுங்க. முப்பத்தஞ்சு வருசம் ஒரு ஊட்டுல இருந்தவகிட்ட, என்ன வேணுமோ எடுத்துக்கன்னா என்னத்தை எடுக்கறது?

அம்மா போயிட்டா நான் எங்க போறதுன்னு பயந்து செஞ்சேன்னு நீங்க நெனைப்பீங்க. அப்படி இல்லீங்க. சத்தியமா அப்படி இல்லை. எனக்கு ஒரு வயிறு, எங்க போனாலும் கழுவிக் குடிச்சுக்குவேன். அம்மா அங்க போயி என்ன ஆவாங்கன்னுதான். பாப்பா குடியிருக்கற அந்த அடுக்குமாடியில நடந்தா கீழ்வீட்டுக்காரன் கதவைத் தட்டறானாம். எண்ணெ தேச்சு விட ஆளு உண்டா? அவங்க நல்லதுக்குத்தான் அந்தத் தடவையும் ரெண்டுலயும் செவப்பு வெச்சேன்.

ஆனா அன்னைக்கு மனசு சரியில்லைங்க. கட்டறப்பவே கை ஓடல. நான் கட்டுன கட்டு அவுந்ததுன்னு சரித்திரமே கிடையாது. அன்னைக்கு வாழைநாரை ஒத்தை முடிச்சா போட்டுட்டேன் போலிருக்குது. அம்மா எடுத்தாங்க, பிரிச்சாங்க. அப்புறம் ரொம்ப நேரம் அந்தச் செவப்பையே பாத்துட்டு இருந்தாங்க. வந்த ரெண்டு பேரும் கன்னிமாரைக் கும்புட்டுட்டுக் கெளம்பிட்டாங்க, பாவம். நான் மீந்ததைக் கொண்டு போயிக் கெணத்துல விட்டேன்.

அந்த வருசம் பாருங்க, ஊரே சந்தோசப்படற மாதிரி மழை. கரட்டுல இருந்து ஊத்து எறங்கி, கெணத்துல தண்ணி கைக்கு எட்டற மாதிரி நின்னுச்சு. அது எனக்குத் தோணவே இல்லை.

வெடியால நான் பால் காச்சிட்டு இருக்கறேன், அம்மாளைக் காணோம். பொறக்கடையில கெணத்து மேட்டுல நிக்கறாங்க. கைப்பிடிச் செவுத்தைப் புடிச்சுட்டுக் குனிஞ்சு பாக்கறாங்க. போயிப் பாத்தா, பொட்டலம் அவுந்து, தண்ணி மேல செவ்வரளி பரவிக் கெடக்குது. பொரை விழுந்த கண்ணுக்கு எழுத்துத்தான் தெரியாது, நெறம் தெரியும்னு எனக்கு அன்னைக்குத்தானுங்க தெரிஞ்சது.

'மாராத்தா, வெள்ளை எங்கடி?'ன்னு கேட்டாங்க. கோவமாக் கேக்கல. மெதுவாத்தான் கேட்டாங்க. 'முங்கிருச்சுங்கம்மா'ன்னேன். வேற என்ன சொல்றது? என்னையவே பாத்தாங்க. இத்தனை வருசத்துல அவங்க என்னை அப்படிப் பாத்ததே இல்லை. புதுசா வேலைக்கு வந்தவளைப் பாக்கற மாதிரி பாத்தாங்க.

'சுகந்திக்குப் போன் போடு. வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லு'ன்னாங்க. அவ்வளவுதான் பேச்சு. போனு எங்கிட்டத்தான் இருக்கும், அம்மாளுக்கு நம்பர் தெரியாதில்லீங்களா. சரிங்கம்மான்னு சொல்லீட்டு அடுப்படிக்கு வந்தேன்.

போன் போடலீங்க.

போட்டுட்டேன்னு சொன்னேன். கோவத்துல எடுக்கற முடிவு நெலைக்காது, ஒரு ரெண்டு நாள் போனா ஆறிரும், நம்ம அம்மாதானேன்னு நெனச்சேன். பாப்பா ஞாயித்துக்கெழமையிலதான் கூப்பிடும். அன்னைக்குப் புதன்கெழமை.

அம்மா நல்ல சீலையாக் கட்டிட்டு, டிரங்குப் பெட்டியைக் கொண்டாந்து வெக்கச் சொல்லி, முன்வாசப் படியில உக்காந்துட்டாங்க. ஏழு படிங்க, ஒவ்வொண்ணும் ஒத்தைக் கல்லு. அதுல அஞ்சாவது படி. கேட்டையே பாத்துட்டு உக்காந்திருக்காங்க. காலையில காப்பி கொண்டு போனேன், வேண்டாம்னாங்க. எங்கையில வாங்கிக் குடிக்கமாட்டேன்னு வாய் விட்டுச் சொல்லல, ஆனா வாங்கல. பாப்பா வர்றப்ப மாத்திரை போட்டுக்கறேன்னாங்க. 'கெளம்பிட்டாளாடி?'ன்னு கேப்பாங்க. 'கெளம்பியாச்சுங்கம்மா, வழியில இருக்கறாங்களாம்'ம்பேன். பொழுதோட உள்ள வருவாங்க, கன்னிமாருக்கு வெளக்கு வெப்பாங்க, படுப்பாங்க. மறுக்கா வெடியால படியில உக்காந்துருவாங்க.

வியாழக்கெழமையும் உக்காந்தாங்க. ஒருக்கா எந்திரிச்சுக் கேட்டு வரைக்கும் போயிப் பாத்தாங்க. பூட்டித்தான் இருந்துச்சு. ரெண்டு நாய் சுத்துதுன்னு நான்தான் பூட்டி வெச்சிருந்தேன். கம்பியைப் புடிச்சுட்டுக் கொஞ்ச நேரம் நின்னாங்க. அந்த ரோட்டுல மத்தியானம் யாரு போறாங்க? திரும்பி வந்து உக்காந்துட்டாங்க.

வெள்ளிக்கெழமை மத்தியானம் சாப்பாட்டுக்குக் கூப்பிடலாம்னு போறேன், அப்படியே தூணுல சாஞ்சிருந்தாங்க. கை பெட்டி மேல இருந்துச்சு. நானும் தூங்கறாங்கன்னுதான் நெனச்சேன்.

தண்ணி குடிக்கறீங்களா அம்முணி? மொகம் ஒரு மாதிரியா இருக்குது. பஸ்ஸுன்னா எனக்கும் இப்படித்தான் ஆகும். ஜன்னலை நல்லாத் தொறந்து வெச்சுக்கங்க.

அப்புறம் என்ன, அன்னைக்குத்தான் போன் போட்டேன். பாப்பா வந்து விழுந்து அழுதுது. 'பெட்டியோட உக்காந்திருக்கறாளே, எங்க போறதுக்குடி உக்காந்திருந்தா?'ன்னு கேட்டுச்சு. 'தெரியலீங்க, உங்களைத்தான் நெனச்சுட்டு இருந்தாங்க'ன்னேன். அது பொய்யில்லீங்களே. எனக்கு ஒரு நிம்மதி என்னன்னா, அம்மா அந்த ஊட்டுலயே போனாங்க. எங்கயோ ஆசுபத்திரியில குழாயைச் சொருகி வெச்சுப் போகல. உத்தரவை மீறாமப் போயிச் சேந்தாங்க. அந்தப் பாக்கியம் யாருக்குக் கெடைக்கும்?

அது ஆச்சுங்க நாலு வருசம். கெணத்து மேட்டுல இருந்த வெள்ளரளிச் செடி அந்த மாசமே பட்டுப்போச்சு. எத்தனை தண்ணி ஊத்தியும் துளுக்கல. கேட்டோரம் இருக்கற செவ்வரளி மட்டும் செவுத்து ஒசரத்துக்கு நிக்குது. அதனாலதான் இன்னைக்குத் தாராபுரம் பூ மார்க்கெட்டு வரைக்கும் வர வேண்டியதாப் போச்சு.

பாப்பா போர்டு மாட்டிட்டுப் போயிருச்சு. 'சாமியாவது பூவாவது, யாரு கேட்டாலும் காட்டு, விக்கற வரைக்கும் நீ இரு'ன்னுது. வந்தாங்க, எத்தனையோ பேரு வந்தாங்க. இஞ்சினீயரு, ஓட்டல்காரரு, படம் எடுக்கறவங்க. கிட்டுசாமி கூட்டியாருவாரு, நான் சுத்திக் காட்டுவேன். நான் பொய் சொல்றதில்லைங்க. இந்தப் படியிலதான் அம்மா உசுரு போச்சு, ராத்திரியில பெட்டி இழுக்கற சத்தம் கேக்குதுன்னு உள்ளதைச் சொல்லுவேன். கேட்டுப்போட்டு அக்கட்டாலயே போயிருவாங்க. கிட்டுசாமிக்கு என்னையக் கண்டாலே ஆகாது.

சத்தமுங்களா? கேக்குதுங்க. தெனமும் இல்லை. வியாழக்கெழமைக்கு வியாழக்கெழமை, அம்மா கேட்டு வரைக்கும் போயி நின்ன கெழமை. அத்தாம்பெரிய ஊட்டுல ஒத்தையாப் படுத்திருக்கறது என்னன்னு உங்களுக்குத் தெரியாது அம்முணி. கூப்பிட ஒரு பேரு வேணுமில்லீங்களா? 'அம்மா'ன்னு கூப்பிட ஒரு ஆளு வேணும். மாத்திரை எடுத்துக் குடுக்க ஒரு கை வேணும். நான் வேற என்னத்தைக் கேட்டேன்?

போன வாரம் ஒரு அம்மா வந்துச்சு. ஒத்தையா. கிட்டுசாமி கூட வரல, தானா ஆட்டோ புடிச்சு வந்துச்சு. அறுவது வயசு இருக்கும். ஊட்டுக்காரரு போயிட்டாராம். ஒரே பையன், கனடாவுல. சென்னையில சத்தம் தாங்கலையாம், கடைசி காலத்துக்கு அமைதியா ஒரு எடம் வேணுமாம். சொன்னேன் பாருங்க, கிட்டுசாமிக்குத் தெரியாது எதைச் சொல்லோணும்னு. மேல காட்டலாம்னு கூட்டிப் போனா, பாதி மாடிப்படியில நின்னு மூச்சு வாங்குச்சு. நெஞ்சுல கொஞ்சம் தொந்தரவு இருக்குதுன்னுது. 'அதுக்கென்னங்கம்மா, நான் இருக்கறேன், பாத்துக்குவேன்'னேன். கீழ வந்து, எங்க உக்காந்துச்சுங்கறீங்க? அந்த அஞ்சாவது படியில. நான் சொல்லாமயே. எனக்கு மேலு புல்லரிச்சுப் போச்சு.

அந்தம்மாகிட்ட மட்டும் நான் சத்தத்தைப் பத்திச் சொல்லலீங்க. சொல்லோணும்னு தோணல.

பொறக்கடைக்குக் கூட்டிட்டுப் போயிக் கன்னிமாரைக் காட்டுனேன். சத்தியத்தைச் சொன்னேன். உத்தரவு இல்லாம வரவும் முடியாது, வந்தாப் போகவும் முடியாதுன்னு. பயப்படும்னு பாத்தா, கையெடுத்துக் கும்புட்டுட்டு, 'அப்ப நானும் பூக் கேட்டுட்டுத்தான் வாங்குவேன். சாமி வான்னு சொன்னா வர்றேன்'னுது. பையன் கூடாதுங்கறானாம், அக்கா தங்கச்சியெல்லாம் வேண்டாங்கறாங்களாம். சாமி சொல்லீட்டா அவங்க வாயை அடைச்சுரலாமாம். நாளைக்கு வெடியால ஏழு மணிக்கு வருது. நான் இன்னைக்கே நடு ரூம்பைக் கழுவி உட்டு, அம்மாளோட கட்டில்ல புது உறை போட்டு வெச்சுட்டு வந்தேன்.

அட, செக்போஸ்ட்டு போயிருச்சே. நீங்க எறங்கலீங்களா? பேச்சுல வுட்டுட்டீங்களா? பரவால்லீங்க, அடுத்த ஸ்டாப்புல எறங்கி எதுத்த பஸ்ஸு புடிச்சுக்கலாம்.

பேரா? அந்தம்மா பேரா? பேரு எதுக்குங்க உங்களுக்கு? போன் நம்பரெல்லாம் எங்கிட்ட இல்லைங்க. இருந்தாலும் அதெல்லாம் வெளி ஆளுக்குக் குடுக்கறது மொறையில்லை. என்கூட எறங்கி வர்றீங்களா? வேண்டாமுங்க. நான் விரதம், பூசை முடியற வரைக்கும் கேட்டைத் தொறக்கறதில்லை. ஊடு பாக்கோணும்னா இன்னொரு நாளைக்கு வாங்க. இனிமே பாக்கறதுக்கு அங்க ஒண்ணும் இருக்காது, போர்டைக் கழட்டீருவோம்.

கையை எடுங்க அம்முணி, பை கிழிஞ்சுரப் போகுது. நல்லாப் பாத்துக்கங்க, ஒளிக்கறதுக்கு என்ன இருக்குது? எல்லாம் வெள்ளரளிதான். கால் கிலோ, அத்தனையும் இன்னைக்குப் பறிச்சது. ரெண்டு பொட்டலத்துக்கும் போக, அந்தம்மா கட்டில் மேல தூவறதுக்கும் பத்தும்.

எந்திரிக்கோணும், சித்த வழி உடுங்க. எங்க ஊரு வந்துருச்சு. அதோ தெரியுது பாருங்க கரடு, அதுக்குக் கீழதான். கண்டக்டரு, எறங்கோணும்.

செவப்பு வாங்கலையான்னா கேக்கறீங்க? செவப்பு எதுக்கு வாங்கோணும்? அதுதான் கேட்டோரம் நெறையப் பூத்து நிக்குதே. அது அந்தம்மா போறேன்னு சொல்ற அன்னைக்கு.